இருபத்தைந்து

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனைக் கூடம்.
இரவுப் பணிக்கு நான்.
மஞ்சள் மூடி, நீல மூடி, ஊதா மூடி.
முகங்கள் எனக்கு வராது,
மூடிகள்தான் வரும்.

சுழன்ற குழாய் நிற்கையில்
மேலே தேன் நிறத்தில் ஒரு விரற்கடை தேங்கும்.
அதில் துளி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தால்
சற்று நேரத்தில் சொல்லிவிடும்
உள்ளே எவ்வளவு நெருப்பென்று.

நம்பிராஜன், 41, ஆண், பணகுடி.
சி.ஆர்.பி. நூற்று அறுபத்தெட்டு.
ஆறுக்குள் இருக்க வேண்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு:
எரிவது நுரையீரல்,
சி.ஆர்.பி.யைச் சுரப்பது கல்லீரல்.
தீப்பிடித்த வீடு ஒன்று,
தந்தி அடிப்பது அடுத்த தெரு.

அச்சுத்தாள் வாங்க
மூன்றாம் ஜன்னலுக்கு வருவாள் அவர் மனைவி பகவதி.
இரண்டு மாஸ்க், மேலே கண் மட்டும்.
முதல் நாள் கேட்டாள்,
"கூடுனா நல்லதாக்கா, கொறஞ்சா நல்லதா?"
பிறகு அதையும் கேட்கவில்லை.
"இன்னைக்கு எவ்வளவு?"
நயினார்குளம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் விலை கேட்கிற குரல்.
கையில் வேறு காகிதம் கிடையாது அவளுக்கு.
ஈ.பி. அட்டையின் காலிக் கட்டங்களில்,
யூனிட் எழுத வேண்டிய இடத்தில்,
எழுதிக்கொண்டாள்:
168.
203.
231.

நாலாம் நாள் நானாகவே விளக்கப் போனேன்.
"வைரஸ் இப்ப கொறைஞ்சிருக்கும்மா.
அதை விரட்டப் போன நம்ம படைதான்
திரும்பி வராம உள்ளயே நின்னு..."
"படையெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா," என்றாள்.

"அவிய காத்தாடியில ஏறி வேலை பாக்கவிய.
எம்பது மீட்டரு.
காத்து அடிச்சாத்தான் கரண்டு, செரி.
ஆனா விநாடிக்கு இருபத்தஞ்சு மீட்டரைத் தாண்டிட்டுன்னா
எறக்கையைத் திருப்பிக்கிட்டு அது நின்னுரணும்.
நிக்கலேன்னு வைங்க,
சுத்திச் சுத்தித் தன் தலையைத் தானே எரிச்சிக்கிடும்.
ராதாபுரம் பக்கம் ஒண்ணு எரிஞ்சதை
போன்ல புடிச்சுக் காட்டுனாவ."

கொஞ்சம் நிறுத்தி,
"அப்ப இவியளுக்கு பிரேக் பிடிக்கலை. அதானே?"

பத்தொன்பது வருஷமாக நான் அச்சடித்த எண்ணுக்கு
அன்றைக்குத்தான் ஒரு சத்தம் இருந்தது.

சி.டி. படத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தாள்.
கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம்
குற்றாலம் பஸ் கண்ணாடி
சாரலில் வெளுத்ததுபோல.
கீழே பேனாவில்: 18/25.
"பரீச்சைன்னா பாஸு," என்றாள்.
சிரிக்கவில்லை.

ஸ்டீராய்டு ஏறியது.
140. 61. ஒரு நாள் பிசகி 74. பிறகு 22.
பதின்மூன்றாம் நாள் ஐந்து புள்ளி நாலு.
எண் தடித்த எழுத்தில் வராத முதல் தாள்.
ஜன்னல் வழியே நீட்டும்போது
என் கைதான் முந்திக்கொண்டது.

அட்டையில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.
"எறங்கிட்டு.
ஆனா கக்கூஸ் வரைக்கும் நடந்தா எம்பத்தாறு காட்டுதே, அது ஏன்?"

அதற்கு என்னிடம் மூடி இல்லை.
தீ அணைந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.
சுவர் எவ்வளவு வெந்தது,
எந்த இடம் இனி வடுவாகவே இறுகும்
என்று கேட்டால்
ரத்தம் வாய் திறக்காது.

ஆடி மாதம்.
நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போகும் சாய்தளத்தில்
அதே இரண்டு மாஸ்க்,
பக்கத்தில் கைப்பிடியைப் பற்றியபடி ஒருத்தர்.
இவ்வளவு சின்ன முகமா!
இருநூற்று முப்பத்தொன்றுக்கு
நான் பெரிய முகம் வைத்திருந்தேன்.

"கம்பெனியில கீழ போட்டுட்டாவ," என்றார்.
"ரூம்ல உக்காந்து நம்பர் பாக்கிற வேலை.
ஒங்க வேலைதான்."

வாசலில் வேப்பங்காற்று திரும்பி அடித்தது,
என் கையிலிருந்த தாள்கள் படபடத்தன.
அவர் கண்ணை மூடி
நெற்றியால் அதை அளந்தார்.

"பதினோரு மீட்டரு..."
நின்றார்.
கைப்பிடியை மாற்றிப் பிடித்தார்.
"...இருக்கும்."